பாதுகாக்கப்பட்ட சொட்டு

மக்கிள்ஃபோர்டு கிராமத்துப் புனித ஆஸ்வின் ஆலயத்தில் சுவர் பதினான்காம் நூற்றாண்டைச் சேர்ந்தது. கூரை பத்தொன்பதாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. கூரையிலிருந்து சொட்டுகிற தண்ணீர் பெரும்பாலும் முந்தின நாளைச் சேர்ந்தது.

சுவரைக் கட்டியவர்கள் கம்பளி வியாபாரிகள். ஆட்டு ரோமத்தில் சம்பாதித்ததில் ஒரு பங்கைக் கடவுளுக்குக் கொடுத்துவிட்டால் மீதியைப் பற்றி அவர் கேள்வி கேட்க மாட்டார் என்று நம்பியவர்கள். அவர்கள் கட்டிய ஆலயம் தடித்த சுவரும் தாழ்ந்த ஈயக் கூரையுமாக, உள்ளே வெள்ளைச் சுண்ணாம்பும் அதன் மேல் நரகத்தின் படங்களுமாக, ஐந்நூறு வருஷம் ஒழுகாமல் நின்றது. பிறகு எபினேசர் க்ராப் என்ற கட்டடக் கலைஞர் அதைப் புதுப்பிக்க வந்தார்.

பதினான்காம் நூற்றாண்டு எப்படி இருந்திருக்க வேண்டும் என்பது பதினான்காம் நூற்றாண்டுக்காரர்களுக்குத் தெரியாது, தமக்குத்தான் தெரியும் என்பது க்ராப்பின் கட்சி. சுவரைச் சுரண்டினார், சுண்ணாம்போடு நரகமும் போயிற்று. பழைய பெஞ்சுகளை விறகுக்குப் போட்டார். நன்றாயிருந்த ஜன்னல் ஒன்றைப் பெயர்த்துவிட்டு, அதைவிடப் பழசாகத் தெரிகிற புது ஜன்னலை வைத்தார். ஈயக் கூரையைப் பிரித்துவிட்டு, செங்குத்தாக ஒரு சிலேட்டு ஓட்டுக் கூரையை ஏற்றினார். பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காக முடிந்த கதை எந்த ஊரிலும் நடக்கும். ஆனால் அந்தக் குரங்கைப் பாதுகாக்க ஒரு குழு போட்டது இந்த ஊரில்தான்.

முப்பது வருஷத்துக்கு முன்பு அடித்த புயலில் க்ராப்பின் கூரையில் ஒரே ஒரு ஓடு நாலு விரற்கடை சரிந்தது. சரிந்த ஓட்டுக்கு நேர் கீழே இருப்பது பீடத்துக்கு ஏறுகிற கல்படி. கல்யாண ஜோடிகள் நின்று உறுதிமொழி சொல்வது அந்தப் படியில்தான். அன்று முதல் அந்தப் படியில் ஒரு தகர வாளி இருக்கிறது. கல்யாணம் வந்தால் வாளியை ஓரமாக நகர்த்திவிட்டு, மழை வரக் கூடாதே என்று எல்லோரும் வேண்டிக்கொள்வார்கள். இங்கிலாந்தில் அந்த வேண்டுதல் பலித்ததாக யாருக்கும் ஞாபகமில்லை.

சொட்டு விழுந்த ஜோடி சேர்ந்து வாழாது என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. அதற்கு ஊர் காட்டுகிற முதல் அத்தாட்சி நார்மன் டக்வெல். இருபத்தேழு வருஷத்துக்கு முன்பு, "சம்மதம்" என்று அவன் வாயைத் திறந்த அதே நொடியில் ஜில்லென்று ஒரு சொட்டு அவன் பிடரியில் விழுந்து சட்டைக்குள் இறங்கியது. ஒன்பதாவது மாதம் அவன் மனைவி, கேரவன் என்கிற வீட்டு வண்டி விற்கிற ஒருவனோடு ஸ்பெயினுக்குப் போய்விட்டாள். நார்மன் அவளை மன்னித்துவிட்டான். சொட்டை மன்னிக்கவில்லை.

இத்தனைக்கும் அவன் தொழிலே கூரை வேலை. நாற்பது வருஷம் அக்கம்பக்கத்து எட்டு ஊருக்கு ஓடு மாற்றியவன். அந்த ஓட்டைச் சரிசெய்ய ஓர் ஈயப்பட்டையும் ஓர் ஆணியும் பத்து நிமிஷமும் போதும் என்று அவனுக்குத் தெரியும். ஏன் செய்யவில்லை என்றால், ஒன்று, பேராயத்தின் அனுமதி இல்லாமல் ஆலயத்தில் ஆணி அடிப்பது குற்றம். இரண்டு, தன் மேல் சொட்டியது மற்றவன் மேலும் சொட்டட்டுமே என்று அவனுக்கு உள்ளூர ஓர் எண்ணம் இருந்தது. இப்படியே அவன் காலம் போயிருக்கும், ஹெஸ்டர் ப்ளாம்ப்டன் மேல் பிரியம் வராமல் இருந்திருந்தால்.

ஹெஸ்டருக்கு ஐம்பத்தெட்டு வயது. தபால் நிலையத்தில் முப்பது வருஷம் கவுன்ட்டரில் இருந்தவள். பதினோரு வருஷமாக ஆலயத்தின் பொறுப்பாளர். வருடாந்தரக் கூட்டத்தில் அவள் தேநீர் போட உள்ளே போயிருந்த நேரத்தில் அவளை ஏகமனதாகத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள். சம்பளம் கிடையாது, பித்தளை துடைக்கிற துணிகூட அவள் வீட்டுத் துணிதான். ஆனாலும் பதினோரு வருஷத்தில் ஒரு சட்டத்தைக்கூட மீறியதில்லை. நாள்காட்டி மாட்ட ஒரு கொக்கிக்கு அனுமதி கேட்டு, அனுமதி வருவதற்குள் ஐந்து நாள்காட்டிகள் முடிந்துபோயின என்றாலும் அவள் பொறுமையாகத்தான் இருந்தாள்.

ஆகஸ்டு மாதக் காய்கறிக் கண்காட்சியில், இரண்டாம் பரிசு வாங்கிய தன் சுரைக்காயைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நார்மன் அவளிடம் வந்தான். இருவரும் ஒரே பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு. அதனால் பேச்சு எப்போதும் வா, போ தான்.

"ஹெஸ்டர், நாம கல்யாணம் பண்ணிக்கலாமா?"

"முதல் பரிசு வாங்கியிருந்தா யாரைக் கேட்டிருப்ப?"

"முதல் பரிசு வாங்கினது எண்பது வயசு பெர்ட்ரம். அவரும் உன்னத்தான் கேக்கப் போறாரு. அதான் ஓடி வந்தேன்."

ஹெஸ்டர் சுரைக்காயைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள், சரி என்றாள். அடுத்த செப்டம்பர் இரண்டாம் சனிக்கிழமை என்று நாளும் குறித்தார்கள். பிறகுதான் வில்லங்கம் வந்தது.

"பக்கத்து டவுன்ல பதிவு அலுவலகத்துல வச்சுக்கலாம். அங்க கூரை ஒழுகாது" என்றான் நார்மன்.

"பதினோரு வருஷமா அந்தப் படியை முழங்கால் போட்டுத் தேச்சுக் கழுவியிருக்கேன். எத்தனை பேர் கல்யாணத்துக்கு? இருநூத்துப் பதினேழு பேர். என் கல்யாணம் மட்டும் வாகன வரி கட்டற கவுன்ட்டர் பக்கத்துலயா? அந்தப் படியிலதான் நிப்பேன்."

"அந்தப் படியில நான் நிக்க மாட்டேன். ஒரு தடவை நின்னது போதும். சொட்டை நிறுத்து, வந்து நிக்கறேன்."

ஆக, விஷயம் இவ்வளவுதான். படி இல்லாமல் ஹெஸ்டர் வரமாட்டாள். சொட்டு இருந்தால் நார்மன் வரமாட்டான். நடுவே ஒரு ஓடு. பதின்மூன்று மாதம் இருக்கிறதே, ஓர் ஆணிக்கு அது போதாதா என்று ஹெஸ்டர் விண்ணப்பப் படிவத்தை எடுத்தாள்.

படிவம் இருபத்திரண்டு பக்கம். பதினாறாம் பக்கத்தில் "தேவை அறிக்கை" என்று ஒரு கட்டம். ஹெஸ்டர் யோசித்து, நல்ல கையெழுத்தில், "சொட்டுகிறது" என்று எழுதினாள். ஒன்பது வாரம் கழித்துப் படிவம் திரும்பி வந்தது. கூடவே கடிதம்: "சொட்டுகிறது என்பது தங்களுடைய கருத்து. சொட்டு யார் மேல் விழுகிறது, எந்தக் காலம் தொட்டு விழுகிறது, அது நின்றுபோனால் சமூகம் எதை இழக்கும் என்பவற்றை ஆதாரங்களுடன் விளக்கவும்."

அவள் குருவம்மா பிலிப்பாவைத் தேடிப் போனாள். பிலிப்பாவுக்கு மொத்தம் ஆறு ஆலயங்கள். ஞாயிற்றுக்கிழமை முழுக்க ஒன்றிலிருந்து ஒன்றுக்குக் காரில் ஓடுவார். ஒரு கையில் ஸ்டீயரிங், மறு கையில் முட்டை சாண்ட்விச். கார் ஜன்னல் வழியாகத்தான் அவரைப் பிடிக்க முடியும்.

"அவங்க கேக்கறதுக்குப் பதில் எழுதிடு ஹெஸ்டர். கோபப்படாத" என்றார் குருவம்மா, மென்றுகொண்டே. "ஆப்பிள்டன் ஆலயத்துல கோட்டு மாட்ட ஒரு முளைக்கு நாலு வருஷமாக் கேட்டுட்டிருக்கேன். போன மாசம் எழுதியிருக்காங்க, என்ன மாதிரி கோட்டுன்னு. ஆண்டவர் எனக்கு எப்பவோ சம்மதம் குடுத்துட்டாரு."

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி வரம் கொடுக்கவில்லை என்பார்கள். இங்கே பூசாரியும் கொடுத்துவிட்டார். ஆனால் பூசாரிக்கு மேலே ஒரு குழு இருந்தது. பேராயத்துப் பழங்கட்டடப் பாதுகாப்பு ஆலோசனைக் குழு என்று அதற்குப் பெயர். ஹெஸ்டர் பதினான்கு பக்கம் பதில் எழுதி அனுப்பினாள். அடுத்த ஜூன் மாதம், கல்யாணத்துக்கு மூன்று மாதம் இருக்கையில், குழு நேரில் வந்தது.

மூன்று பேர். செயலாளர் மிஸ்டர் ஆப்ரி ஃபென்டிமன். வழவழப்பான குரல், வழவழப்பான பை. டாக்டர் லவீனியா ஆர்ப்வுட். க்ராப்பைப் பற்றி மூன்று தொகுதிகள் எழுதியவர், க்ராப் செத்து நூறு வருஷம் ஆனதை இன்னும் மனதார ஒப்புக்கொள்ளாதவர். பேராசிரியர் கெனெல்ம் ஹாக். பதினான்காம் நூற்றாண்டுக்குப் பிறகு நடந்ததெல்லாம் சும்மா இரைச்சல் என்கிற கட்சி. ஹெஸ்டர் எலுமிச்சை கேக் சுட்டு வைத்திருந்தாள். நார்மனும் ஏணியோடு வந்து, பின் பெஞ்சில் உட்கார்ந்திருந்தான்.

"முதல்ல ஒண்ணு சொல்லிடறேன், மிஸஸ் ப்ளாம்ப்டன்" என்று ஆரம்பித்தார் ஃபென்டிமன்.

"மிஸ்" என்றாள் ஹெஸ்டர். "அதுக்குத்தான் சார் இந்த விண்ணப்பமே."

"ஜனங்க எங்களை எதிரியாப் பாக்கறாங்க. ரொம்பத் தப்பு. நாங்க கட்டடத்தோட நண்பர்கள். பழைய ஆலயங்கள் பாழாகறதுக்கு முக்கியக் காரணம் என்னன்னு எங்க அலுவலகத்துல ஏழு வருஷம் ஆராய்ச்சி பண்ணினோம். ஜனங்க உள்ள வர்றதுதான் காரணம். மூச்சு விடறாங்க, நடக்கறாங்க, கதவைத் திறக்கறாங்க. நல்லவேளையா வருஷா வருஷம் அது குறைஞ்சுட்டு வருது. அதுல எங்க பங்கும் கொஞ்சம் உண்டுன்னு பெருமையாவே சொல்லிக்கலாம்."

ஹெஸ்டர் அவருக்கு இன்னொரு துண்டு கேக் வைத்தாள்.

டாக்டர் ஆர்ப்வுட் தொலைநோக்கியால் பலகை மச்சில் தண்ணீர் ஒழுகுகிற இடுக்கைப் பார்த்துக்கொண்டிருந்தார். "மேல இருக்கற அந்த ஓடு க்ராப் தன் கையால தேர்ந்தெடுத்த ஓடு. அதைத் தொடறது அவர் கையைத் தொடற மாதிரி."

"அது சரிஞ்சிருக்குங்களே" என்றான் நார்மன் பின்னாலிருந்து.

"சரிவும் அதோட வரலாறுதான். நீங்க யாரு?"

"மாப்பிள்ளை."

பேராசிரியர் ஹாக் இளித்தார். "லவீனியா, உன் க்ராப் போட்ட கூரை ஒழுகுது. ஐந்நூறு வருஷம் ஒழுகாத கட்டடம் இது. இது ஒழுகல் இல்ல, எதிர்ப்பு. சுவர் அழுவுது. என்னைக் கேட்டா அந்தக் கூரையை மொத்தமாப் பிரிச்சுடணும்."

"பிரிச்சா மழை?" என்று கேட்டாள் ஹெஸ்டர்.

"பதினாலாம் நூத்தாண்டு மழை வரட்டும்" என்றார் பேராசிரியர். "அதுக்கும் இந்தக் கட்டடத்துக்கும் ஒத்துப்போகும்."

சொல்லிவிட்டு அவர் வாளியைப் பார்க்கப் படிக்குக் குனிந்தார். வாளியை நகர்த்தினார். அதன் அடியில் கல்லில் முட்டை அகலத்துக்கு ஒரு குழி இருந்தது. பேராசிரியரின் முகம் மாறிற்று. பையிலிருந்து பூதக்கண்ணாடி எடுத்தார். பிறகு படியிலேயே குப்புறப் படுத்துவிட்டார்.

"ஆப்ரி," என்றார் கீழேயிருந்து. "இது சொட்டுக் குழி. தண்ணி விழுந்து விழுந்து தேஞ்ச குழி. இவ்வளவு ஆழத்துக்குக் குறைஞ்சது அறுநூறு வருஷம் ஆகும். அப்படின்னா க்ராப்புக்கு முந்தியே இங்க சொட்டியிருக்கு. புனிதச் சொட்டு. யாத்திரை வந்திருப்பாங்க. குடிச்சிருப்பாங்க."

ஹெஸ்டருக்குக் காது சிவந்தது. "சார், அது கிறிஸ்துமஸ் பாட்டு ஆராதனையப்ப நடந்தது. எட்டு வருஷத்துக்கு முந்தி. ஹீட்டருக்கு கேஸ் சிலிண்டர் தூக்கிட்டு வந்தேன், கை நழுவி விழுந்துடுச்சு. அந்தக் குழி நான் போட்டது. நார்மன்தான் என் கால் விரலுக்குக் கட்டுப் போட்டுவிட்டான்."

"நானே பாத்தேன்" என்றான் நார்மன்.

மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஃபென்டிமன் மெதுவாகப் பேனாவைத் திறந்தார்.

"உள்ளூர் வாய்மொழி மரபு" என்று சொல்லிக்கொண்டே எழுதினார். "குழி உண்டானதைப் பத்தி மக்களிடையே ஒரு கதை வழங்கி வருது. பாரமான ஒரு பொருள், வானத்திலிருந்து விழுந்ததுன்னு."

"கையிலேருந்து சார்."

"கதைகள் தலைமுறை தலைமுறையா மாறும். அதுல தப்பில்ல" என்று அவளைத் தேற்றினார் அவர்.

வாசலில் காரில் ஏறும்போது ஃபென்டிமன் அவள் கையைப் பிடித்துக் குலுக்கினார். "கவலைப்படாதீங்க. முடிவு எடுக்கத்தான் நாங்க இருக்கோம். எதையும் செய்ய வேண்டாம்கற முடிவை நாலு மாசம் யோசிக்காம எடுத்தா அது பொறுப்பில்லாத்தனம்."

"செப்டம்பர்ல கல்யாணம் சார்."

"எந்த வருஷம்?" என்று அன்போடு கேட்டார் ஃபென்டிமன்.

ஹெஸ்டர் ஜூலை முழுக்க நாள் தவறாமல் தொலைபேசியில் அழைத்து, தினமும் பொறுமையாக, தினமும் அதே வார்த்தைகளில் கேட்டாள். அதனாலோ என்னவோ, கல்யாணத்துக்கு ஒன்பது நாள் இருக்கையில் முடிவு வந்துவிட்டது. சமையலறை மேசையில் வைத்து அவள் நார்மனுக்குப் படித்துக் காட்டினாள்.

ஓட்டைத் தொட அனுமதி மறுக்கப்படுகிறது. ஆலயத்தின் உடைமைப் பட்டியலில் நாற்பத்தேழாவது இனமாகச் சொட்டும், நாற்பத்தெட்டாவது இனமாக வாளியும் சேர்க்கப்படுகின்றன. இனி இரண்டையும் நகர்த்தவோ, தடுக்கவோ, திருப்பிவிடவோ கூடாது.

"அப்ப வாளி இருக்கற எடத்துல நாம எப்படி நிக்கறது?"

"இரு, அதுக்கும் எழுதியிருக்காங்க." ஹெஸ்டர் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்தாள். "'வாளியின் இடத்தில் ஒரு தம்பதியை வைப்பதைத் தற்காலிக மறு அமைப்பாகக் கருதலாம். மேற்படி தம்பதிக்கு விதிகளின்படி பதினைந்து மாதம் அனுமதி அளிக்கப்படுகிறது. இந்த ஏற்பாடு எந்நேரமும் பிரித்தெடுக்கக் கூடியதாகவும், கட்டடத்தில் எந்தத் தடயமும் விடாததாகவும் இருக்க வேண்டும். நிபந்தனைகள் மீறப்பட்டால் ஏற்பாடு ரத்தாகி, எல்லாம் முன்னிருந்த நிலைக்குத் திரும்ப வேண்டும்.'"

நார்மன் விரல் விட்டு எண்ணினான். "பதினஞ்சு மாசம். போன தடவையை விட ஆறு மாசம் கூட."

அவள் சிரிக்கவில்லை. மேசையில் கடிதத்தை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள். "நார்மன், நீ அங்க நிக்க மாட்ட, இல்ல?"

"சொட்டு இருக்கு. அதுக்கு இப்ப நம்பர் வேற குடுத்துட்டாங்க. நான் பயந்தாங்கொள்ளின்னு நினைச்சுக்கோ. நீ ஸ்பெயினுக்குப் போறதை என்னால பாக்க முடியாது."

"எனக்கு வெயிலே ஆகாதுடா" என்றாள் ஹெஸ்டர். அறுபதை நெருங்குகிற வயதில் ஒருத்திக்குக் கல்யாணம் கூடி வருகிறது. நடுவே நாலு விரற்கடை சரிவு. தேநீர் போட உள்ளே போன நேரத்திலெல்லாம் தன் வாழ்க்கையை யாரோ தீர்மானித்துவிடுகிறார்கள் என்று அவளுக்கு முதல்முறையாகக் கோபம் வந்தது.

கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்பு, வியாழக்கிழமை மத்தியானம் நல்ல மழை. ஹெஸ்டர் மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு நார்மன் வீட்டுக் கதவைத் தட்டினாள்.

"ஈயப்பட்டை இருக்கா?"

"இருக்கு."

"ஆணி?"

"ஹெஸ்டர், அனுமதி?"

"நான் உள்ள போய் முழங்கால் போட்டு ஜெபம் பண்ணப் போறேன். ஜெபம் பண்றவங்களுக்குக் கண்ணு மூடியிருக்கும். கூரையில யார் ஏறினாங்கன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

அவள் முன் பெஞ்சில் முழங்கால் போட்டாள். கண்ணை மூடவில்லை. வாளியில் ஏழு வினாடிக்கு ஒரு தரம் டொக் என்றது. மேலே எங்கோ காலடிச் சத்தம், பிறகு ஓடு தேய்கிற கரகரப்பு, பிறகு சுத்தியல் மூன்று தரம். டொக். அவள் எண்ணினாள். ஏழு, எட்டு, பத்து, இருபது. மழை கூரையில் கொட்டிக்கொண்டிருந்தது. வாளி சும்மா இருந்தது. முப்பது வருஷமாக மழை நேரத்தில் அந்த ஆலயத்துக்குள் கேட்காத ஒரு நிசப்தம் அது. ஹெஸ்டர் அப்போதுதான் உண்மையாகவே ஜெபம் செய்தாள். முதல் வரியே மன்னிப்புக் கேட்பதாக இருந்தது, ஆனால் அதில் அவ்வளவு வருத்தம் இல்லை.

சனிக்கிழமை அடைமழையில் கல்யாணம் நடந்தது. வந்தவர்கள் யாரும் பெண்ணைப் பார்க்கவில்லை. மொத்தக் கூட்டமும் அண்ணாந்து மச்சைப் பார்த்துக்கொண்டிருந்தது. குருவம்மா கேள்வியைக் கேட்டதும் நார்மனும் ஒரு தரம் மேலே பார்த்தான். பிடரியைத் தடவிக்கொண்டான். "சம்மதம்" என்றான். ஒன்றும் விழவில்லை. பெர்ட்ரம் தாத்தா முதலில் கைதட்ட, ஆலயமே கைதட்டியது. சொட்டு எங்கே என்று குருவம்மா கேட்கவில்லை. அவருக்கு மூன்று மணிக்கு ஆப்பிள்டனில் ஞானஸ்நானம் இருந்தது.

அக்டோபரில் மறுபடி கடிதம். "ஆஸ்வின் சொட்டு" நாட்டின் அரிய மரபுச் சின்னம் என்று ஏற்கப்பட்டதைக் கொண்டாட, குழு பத்தொன்பதாம் தேதி வருகை தந்து பித்தளைப் பலகையைத் திறந்துவைக்கும். இரண்டு பேருந்தில் அறிஞர்களும் வருவார்கள். மழை வாரமாகப் பார்த்தே தேதி குறிக்கப்பட்டுள்ளது.

"சொட்டு இல்லைன்னு தெரிஞ்சா?" என்றான் நார்மன், கட்டிய மனைவியைப் பார்த்து.

"நிபந்தனை மீறல். ஏற்பாடு ரத்து. எல்லாம் முன்னிருந்த நிலைக்கு."

"அப்ப நான் பழையபடி என் வீட்டுக்குப் போகணுமா? அதைத்தான் வாடகைக்கு விட்டாச்சே. பேசாம பட்டையைப் பிடுங்கிட்டு ஓட்டை இறக்கிவிடவா?"

"நீ போட்ட பட்டையை நீயே பிடுங்குவியா?"

நார்மனுக்கு ரோஷம் வந்தது. நாற்பது வருஷத்தில் அவன் செய்த நல்ல வேலையைத் தானே கெடுத்ததில்லை. ஓட்டுக்கும் அதன் கீழ்ப் பலகை மச்சுக்கும் நடுவே ஆள் தவழ்ந்து போகிற அளவுக்கு இடமும், படிக்கு நேர் மேலே கீழே எட்டிப்பார்க்க அந்த இடுக்கும் உண்டு. பத்தொன்பதாம் தேதி காலையில் அவன் ஒரு பூவாளி நிறையத் தண்ணீரும், குளிருக்கு ஃப்ளாஸ்கில் தேநீரும் எடுத்துக்கொண்டு, மணிக்கூண்டுப் படியேறி அந்தப் பொந்துக்குள் போய்ப் படுத்துக்கொண்டான். ஹெஸ்டர் சத்தமாக இருமினால் சொட்ட வேண்டும் என்று ஏற்பாடு.

பதினொரு மணிக்கு, குழுவே தன் அனுமதியோடு வாளியை நகர்த்தி வைக்க, எழுபது பேர் படியைச் சுற்றி நின்றார்கள். ஹெஸ்டர் இருமினாள். சொட்டு விழுந்தது, நேராகக் குழியில். எழுபது பேரும் பெருமூச்சு விட்டார்கள். பேராசிரியர் ஹாக் கையில் நிறுத்துக் கடிகாரம்.

"ஏழு வினாடி. மறுபடி ஏழு வினாடி. பழைய துறவிகளோட ஜெபப் பாட்டு இந்தத் தாளத்துலதான் இருக்கும்" என்றார் அவர், கண் கலங்க.

"க்ராப் கணக்குப் போட்டுத்தான் ஓட்டைச் சரிய விட்டிருக்கார்" என்றார் டாக்டர் ஆர்ப்வுட், அவரும் கண் கலங்க.

ஃபென்டிமன் பேசத் தொடங்கினார். அரைமணி நேரம் பேசுவார் என்று யாரும் நார்மனுக்குச் சொல்லியிருக்கவில்லை. "இந்தச் சொட்டு நமக்கு என்ன கத்துக்குடுக்குது? ஒரு கட்டடத்தை ஜனங்ககிட்ட விட்டிருந்தா எப்பவோ சரிபண்ணியிருப்பாங்க. நாமதான் காப்பாத்தினோம்" என்று அவர் இருபத்தெட்டாவது நிமிஷத்தில் சொன்னபோது பூவாளி தீர்ந்துபோயிற்று. ஏழு வினாடி போயிற்று. பதினான்கு போயிற்று. எழுபது தலைகள் அண்ணாந்தன. ஹெஸ்டர் இருமினாள். இன்னும் பலமாக இருமினாள். பக்கத்தில் நின்ற ஒருவர் அவளுக்கு இருமல் மிட்டாய் நீட்டினார்.

அப்போது சொட்டு விழுந்தது. பழுப்பு நிறத்தில், லேசாக ஆவி பறக்க.

ஹெஸ்டர் கண்ணை மூடிக்கொண்டாள். பதினைந்து மாதத்தில் ஐந்து வாரம்தான் ஆகியிருக்கிறது என்பது மட்டும் அவள் மனதில் ஓடியது.

பேராசிரியர் ஹாக் முழங்கால் போட்டு, சுண்டுவிரலால் தொட்டு, நாக்கில் வைத்தார். முகத்தைச் சுளித்துக்கொண்டு, மறுபடி தொட்டு ருசி பார்த்தார்.

"இரும்புக்கல்" என்றார் கடைசியில். "சுவரோட உள்மையத்துலேருந்து வருது. கொஞ்சம் துவர்ப்பு. சுண்ணாம்பும் கலந்திருக்கு, அதான் இந்த வெளிறின நிறம். சூடு எதனாலன்னா, அறுநூறு வருஷ அழுத்தம்."

"பொய்" என்றார் டாக்டர் ஆர்ப்வுட். அவரும் தொட்டு நாக்கில் வைத்தார். "இது க்ராப் மச்சுப் பலகைக்குப் பூசின ஓக் சாயம். அவரோட ரகசியக் கலவை. வெயில்ல ஓடு சூடாகி, சாயம் இறங்குது."

வெளியே மூன்று நாளாக வெயிலே இல்லை. இருவரும் அந்தப் படியிலேயே நின்று சண்டை போட்டார்கள். மேலேயிருந்து ஆளுக்கொரு சொட்டு விழுந்ததையும் கவனிக்கவில்லை. சொட்டு விழுந்த ஜோடி சேராது என்ற ஊர்ப்பேச்சு அன்றைக்கு இன்னொரு முறை உறுதியாயிற்று.

குழுவின் அறிக்கை நவம்பரில் வந்தது. ஹெஸ்டர் அதை அடுப்படியில் நின்றபடி படித்தாள். நார்மன் ஃப்ளாஸ்கைக் கழுவிக்கொண்டிருந்தான்.

"'சொட்டு முன்னைவிடச் சிறப்பான நிலையில் உள்ளது. அதன் பழைமை நாளுக்கு நாள் கூடி வருகிறது. நிபந்தனைகள் முழுமையாகக் கடைப்பிடிக்கப்பட்டதால், தற்காலிக ஏற்பாட்டுக்கு அளித்த அனுமதி அடுத்த ஆய்வு வரை ஐந்து வருஷத்துக்கு நீட்டிக்கப்படுகிறது.'"

"ஏற்பாடுன்னா நாமதானே?"

"நாமதான்."

நார்மன் ஃப்ளாஸ்கைக் கவிழ்த்து வைத்துவிட்டு அவள் தோளில் ஈரக் கையைப் போட்டான்.

"அஞ்சு வருஷம் கழிச்சு மேல ஏறும்போது சர்க்கரை போட்டுக் கொண்டு போறேன்" என்றான். "பாவம், அந்தப் பேராசிரியர் மூஞ்சியைச் சுளிச்சுக்கிட்டே ருசி பார்த்தாரு."